மூளையைக் காக்கும் மணித்துளிகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, நாம் ஓய்ந்திருக்கும்போதும் உடல் பெறும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. ஆனால் அதைச் சேமித்து வைக்க அதனால் இயலாது. எனவே இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டால் சில நிமிடங்களிலேயே மூளைச் செல்கள் மடியத் தொடங்கும். இதையே பக்கவாதம் என்கிறோம். குழாய் வெடித்து இரத்தம் கசிவதாலும் இது நேரும்.

அடைப்பு நீங்கி இரத்தம் திரும்பினால் துன்பம் தீரும் என்று நினைப்போம். ஆனால் திரும்பி வரும் ஆக்சிஜனே ஓரளவு தீங்கும் செய்கிறது. நலிந்த செல்லில் அது சூப்பர் ஆக்சைடு முதலிய தனி உறுப்புகளாக மாறுகிறது. இணையில்லாத எலக்ட்ரானைக் கொண்ட இவை அண்டை மூலக்கூறுகளைத் தாக்குகின்றன. நாட்பட்ட எண்ணெய் சிக்குவாடை அடிப்பது ஆக்சிஜனேற்றத்தால் என்பதை நாம் அறிவோம். கொழுப்பு மிகுந்த மூளைச் செல்லின் சவ்விலும் அத்தகைய வினையே நிகழ்கிறது.

இயற்கை இதற்குக் காவலும் வைத்துள்ளது. சூப்பர் ஆக்சைடைச் சிதைக்கும் டிஸ்மியூட்டேஸ் நொதியின் பணியை மெக்கார்டு, ஃப்ரிடோவிச் என்ற அமெரிக்க அறிஞர்கள் 1969-இல் வெளியிட்டனர். வைட்டமின் சி, வைட்டமின் ஈ ஆகியவையும் காவலர்களே. அப்படியாயின் இவற்றை மருந்தாகக் கொடுத்தால் மூளை பிழைக்குமா?

இதற்கு விடை காண அறிஞர்கள் பெரிதும் முயன்றனர். எடராவோன் என்ற மருந்தை ஜப்பான் 2001-இல் ஏற்றது. என்.எக்ஸ்.ஒய்-059 என்ற மருந்து சுமார் 1,700 நோயாளிகளிடம் சிறிது பயன் தந்ததாக 2006-இல் செய்தி வந்தது. சுமார் 3,300 பேரிடம் மீண்டும் சோதித்தபோது பயன் இல்லை என 2007-இல் தெரிந்தது. வைட்டமின் ஈ மாத்திரைகள் பற்றிய 2010-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, அடைப்பால் வரும் பக்கவாதம் 10 விழுக்காடு குறைந்ததையும், கசிவால் வருவது 22 விழுக்காடு கூடியதையும் காட்டியது. சோதனைச் சாலையில் வென்ற கருத்து நோயாளியின் படுக்கையில் எப்போதும் வெல்வதில்லை. நெல்லிக்காயும் கீரையும் நல்லுணவே. எனினும் கை விழுந்தவர்க்கு அவை மருந்தாகா.

சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி 1950-இல் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். அன்று இல்லாத வசதிகள் இன்று உள்ளன. ஸ்கேன் எடுத்து அடைப்பா கசிவா எனக் கண்டு, அடைப்பாயின் தக்கவர்க்கு நாலரை மணி நேரத்திற்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுகின்றனர். தமிழகத்தில் 2008 முதல் 108 ஊர்தியும் ஓடுகிறது.

ஆயினும் எங்கள் அசோக் நகர்த் தெருவில் காலையில் கை தளர்ந்த பெரியவர் ஒருவரைப் புறா இரத்தம் தடவி மாலைவரை படுக்க வைத்திருந்தார்கள். அன்பில் குறைவில்லை, அறியாமையால் பொழுதுதான் போயிற்று. அவருடைய வலக்கை இன்றும் எழவில்லை.

வாய் கோணினாலும், ஒரு கை தாழ்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழைக்க வேண்டும். விழுங்க முடியாமல் புரை ஏறக்கூடும் என்பதால் தண்ணீரோ மாத்திரையோ வாயில் ஊட்டலாகாது.

நம்மில் பலர் தத்தம் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆட்கள். நெருக்கடி வேளையில் "படித்த பிள்ளை, நீ சொல்லப்பா" என்று வீடும் தெருவும் நம்மைத்தான் கேட்கும். அப்போது சொல்ல வேண்டிய விடையை இன்றே அறிந்து வைப்போம்.