கடல் மீன் தொட்டிக்கு எந்தக் கரி? எவ்வளவு கரி?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் விவசாய நிலம் சுருங்கி வருவது எல்லோரும் அறிந்ததே. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்திலும் ஒன்று வந்தது. ஏக்கர் கணக்கில் நெல் விளைவித்த குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று வீட்டை ஒட்டிய சில சென்ட் இடமே மிச்சம். அந்த இடத்தில் கொட்டகை போட்டு அலங்கார மீன் வளர்க்கலாமா என்று நம்மிடம் கேட்கிறார்கள். நன்னீர் மீனுக்குச் சென்னை கொளத்தூர் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. சிலர் ஒரு படி மேலே போய், உப்பு நீரில் வாழும் கோமாளி மீன் குஞ்சுகளை வளர்த்து விற்க முன்வருகிறார்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலைய மையம் இம்மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை வகுத்துத் தந்திருக்கிறது.

கடலிலிருந்து தள்ளியுள்ள ஊரில் உப்பு நீர் விலை உயர்ந்த பொருள். ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சென்று கொண்டுவர வேண்டும். அல்லது செயற்கைக் கடலுப்பைக் கரைக்க வேண்டும். எனவே இருக்கும் நீரையே சுத்தம் செய்து பயன்படுத்த எல்லோரும் விரும்புகிறார்கள். அதற்குக் கடைக்காரர் கொடுப்பது 'ஆக்டிவேட்டட் கார்பன்' எனப்படும் கிளர்வுற்ற கரி.

இவ்வட்டார விவசாயி ஒருவர் 1000 லிட்டர் தொட்டியில் இந்தக் கரியை ஒரு கிலோ போட்டு, நான்கு மாதம் அப்படியே விட்டிருந்தார். நீர் கண்ணாடிபோல் இருக்கிறதே என்று தீவனத்தையும் கூட்டினார். ஒரே வாரத்தில் பாதி மீன் செத்தது. "கரிதான் போட்டிருக்கிறேனே ஐயா" என்றார். நீரைச் சோதித்தபோது அம்மோனியா மிகுந்திருந்தது. அவர் போட்ட கரி கெட்ட கரி அல்ல. கரி செய்யாத வேலையைச் செய்யும் என்று அவர் நம்பியதே தவறு.

கரி என்ன செய்யும்?

தேங்காய்ச் சிரட்டைக் கரியையோ நிலக்கரியையோ 900 டிகிரி அளவுக்குச் சூடாக்கி நீராவி செலுத்தினால் அதனுள் கோடிக்கணக்கான நுண்துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 25 சென்ட். இந்தப் பரப்பில் நீரிலுள்ள மஞ்சள் நிறம், துர்நாற்றம், தீவனக் கசிவு, மருந்து எச்சம், குளோரின் ஆகியவை பிடிபடுகின்றன.

கரி என்ன செய்யாது?

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் கரி நீக்காது. உப்பையும் எடுக்காது. அம்மோனியாவை மாற்றுவது நுண்ணுயிர்களின் வேலை. அவை குடியேற பவளக் கல் துண்டு போன்ற பொருள் நிரப்பிய வடிகட்டி தனியாக வேண்டும். அது பழக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதன் பிறகே குஞ்சுகளை விட வேண்டும். கடல்நீரின் கார அமில நிலை 8-க்கு மேல் இருப்பதால் அம்மோனியாவின் நச்சு நன்னீரில் இருப்பதைவிடக் கடுமையாகும். நன்னீர்த் தொட்டியில் அம்மோனியாவைப் பிடிக்கும் ஜியோலைட் கல்லும் உப்பு நீரில் பயன் தராது.

தேர்ந்தெடுக்கும் முறை

1. அடுப்புக் கரி, இஸ்திரிக் கரி கூடாது. அவற்றில் நுண்துளை குறைவு; சாம்பல் அதிகம்.

2. சிரட்டைக் கரியின் துளைகள் மிகச் சிறியவை. குளோரின் போன்றவற்றை நன்கு பிடிக்கும். நிலக்கரியிலிருந்து செய்ததில் பெரிய துளைகளும் உண்டு. மஞ்சள் நிறத்தை அது விரைவாக எடுக்கும். சாதாரணத் தொட்டிக்கு நல்ல சிரட்டைக் கரியே போதும்.

3. பையின் மீது அயோடின் எண் 900-க்கு மேல், சாம்பல் 5 சதவீதத்துக்குள் என்று இருக்கட்டும். அமிலத்தில் கழுவியதானால் நல்லது.

4. குருணை 1 முதல் 3 மில்லி மீட்டர் இருக்கட்டும். தூள் வேண்டாம்.

5. பாஸ்பாரிக் அமிலம் கொண்டு செய்த கரி நீரில் பாஸ்பேட்டைக் கசியவிட்டுப் பாசியைப் பெருக்கும். சிறிதளவு கரியை நல்ல நீரில் ஒரு நாள் ஊறவைத்து, அந்நீரைப் பாஸ்பேட் சோதனை செய்தால் தெரிந்துவிடும்.

பயன்படுத்தும் முறை

கரியை நல்ல நீரில், கருமை வடியும் வரை பலமுறை அலச வேண்டும். இதில் சோம்பல் கூடாது. அமெரிக்காவில் டொலிடோ விலங்குக் காட்சிசாலையைச் சேர்ந்தவர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், லிக்னைட் கரியை உபயோகித்த தொட்டியின் கடல் மீன்களுக்குத் தலையிலும் பக்கக் கோட்டிலும் தோல் அரிப்பு ஏற்பட்டது தெரியவந்தது.

1000 லிட்டர் நீருக்கு அரை கிலோ போதும். முதல் வாரம் கால் கிலோவுடன் தொடங்கலாம். நைலான் வலைப் பையில் கட்டி, பஞ்சு வடிகட்டிக்கு அடுத்தபடியாக, நீர் அதன் ஊடே பாயும்படி வைக்க வேண்டும். தொட்டியின் அடியில் சும்மா போட்டால் நீர் சுற்றிக்கொண்டு போய்விடும்.

மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதுக் கரி மாற்றுங்கள். நாள் கணக்கு மறந்துவிட்டால், தொட்டி நீரையும் புதிய உப்பு நீரையும் இரு கண்ணாடி டம்ளர்களில் எடுத்து வெள்ளைத் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். தொட்டி நீர் மஞ்சளாகத் தெரிந்தால் கரி நிறைந்துவிட்டது என்று பொருள். வெயிலில் காயவைத்தாலும் அடுப்பில் வறுத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது.

நோய்க்கு மருந்து இடும்போது கரியை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்தையே அது பிடித்துக்கொள்ளும். சிகிச்சை முடிந்ததும் புதுக் கரி போட்டால் எஞ்சிய மருந்து நீங்கும்.

கரியைப் பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் வைத்த அறையில் வைக்காதீர்கள். காற்றிலுள்ள நெடியையும் அது இழுத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள்.

கழிவு நீரை என்ன செய்வது?

வாரம் 10 சதவீதம் நீர் மாற்றும்போது வரும் உப்பு நீரை வயலிலோ, வாய்க்காலிலோ, கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது. மண்ணின் மின்கடத்துதிறன் 3-ஐத் தாண்டினாலே நெல் மகசூல் குறையத் தொடங்கும். கடல்நீரின் அளவோ 50-ஐ ஒட்டியது. இப்பகுதி ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரியை நோக்கிப் போகிறது. அது சென்னையின் குடிநீர். எனவே சிமெண்டுத் தொட்டியில் விட்டு வெயிலில் வற்றவிடுங்கள். ஆவியாகும் தொட்டி நீரை ஈடுசெய்யக் கடல்நீர் சேர்க்காதீர்கள். நல்ல நீர் மட்டுமே சேர்க்க வேண்டும். உப்பு தொட்டியிலேயே இருக்கிறது.

முடிவாக

நீர் தெளிவாக இருப்பது வேறு, நஞ்சின்றி இருப்பது வேறு. தெளிவைக் கரி தரும். மீனின் உயிரைக் காப்பவை நுண்ணுயிர் வடிகட்டி, அளவான தீவனம், வாராந்திர நீர் மாற்றம் ஆகிய மூன்றும். அம்மோனியா சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிய பிறகே கரி வாங்குங்கள். நிலம் கொடுத்துப் பெற்ற பணத்தை மொத்தமாக இதில் இறக்க வேண்டாம். ஒரு தொட்டியில் ஆறு மாதம் கைப்பழக்கம் ஆகட்டும். இரண்டாவது தொட்டியைப் பிறகு பார்க்கலாம். சந்தேகம் இருப்பின் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை நேரில் அணுகிக் கேளுங்கள்.