வாசலில் நிற்கும் சீன மூலிகை

கேள்வி: ஐயா, நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். அம்மா கொழுந்து எடுக்கிறார். சீன மூலிகைகளிலிருந்து மருந்துப் பொருட்களைப் பிரித்தெடுப்பது பற்றி வாசித்தேன். அதையே படிக்க ஆசை. தோட்டத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் தொடங்க முடியுமா?
– உயர்தர மாணவி, மீரியபெத்த

பதில்: மகள், உங்கள் லயத்து வாசலில் நின்று பாருங்கள். கண்ணுக்கு எட்டியவரை நிற்பதே ஒரு சீன மூலிகைதான். லி ஷிசென் எழுதி 1596இல் வெளிவந்த சீனத்தின் பெரிய மூலிகை நூலில் தேயிலைக்கும் இடம் உண்டு. 1824இல் சீனாவிலிருந்து வந்த தேயிலைச் செடி பேராதனைப் பூங்காவில் நடப்பட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்டார். பின்னர் அசாம் வகையும் மலைநாடெங்கும் பரவியது. வகை வேறென்றாலும் இனம் ஒன்றே.

அம்மா கிள்ளும் இரண்டு இலையிலும் மொட்டிலும், உலர் எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் கட்டெச்சின் எனப்படும் பொருட்கள் இருக்கின்றன. 1929இல் ஜப்பானிய அறிஞர் சுஜிமுரா மிச்சியோ பச்சைத் தேயிலையிலிருந்து கட்டெச்சினைப் பிரித்தெடுத்தார். உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் தேடும் ஒரு பொருள் அம்மாவின் கூடையில் தினமும் நிறைகிறது. ஆகவே தொடங்கலாம், இன்றைக்கே தொடங்கலாம்.

கேள்வி: ஒரு செடிக்குள் இருக்கும் மருந்துப் பொருளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: சீன அறிஞர் டூ யூயூவின் கதையைச் சொல்கிறேன். பெய்ஜிங்கில் 1969இல் அவர் மலேரியாவுக்கு மருந்து தேடத் தொடங்கினார். நம்முடைய மாசிபத்திரியின் உறவான ஒரு சீனச் செடியில் சாறெடுத்தபோது, ஒருமுறை தெரிந்த பலன் மறுமுறை கிடைக்கவில்லை. பழைய ஏடுகளைப் புரட்டினார். 4ஆம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹொங், அந்தச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார். காய்ச்சச் சொல்லவில்லை. அப்படியானால் சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று டூ சிந்தித்தார். குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 ஒக்டோபரில் அந்தச் சாறு எலிகளின் உடலில் இருந்த மலேரியாக் கிருமிகளை முற்றாக ஒழித்தது. மறு ஆண்டு ஆர்ட்டிமிசினின் தனிப்பொருளாகக் கிடைத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு.

இந்தத் துறையின் வழியே இதுதான். செடியைச் சரியாக இனங்காண வேண்டும். சாறெடுக்க வேண்டும். சாற்றுக்குப் பலன் உண்டா என்று சோதித்து, அதைக் கூறு கூறாகப் பிரித்து, எந்தக் கூறில் பலன் இருக்கிறதோ அதை மீண்டும் பிரிக்க வேண்டும். கடைசியில் தனிப்பொருள் கையில் வரும். அதன் மூலக்கூற்று அமைப்பைக் கருவிகளால் அறிந்து, நஞ்சா என்று பார்த்து, பிறகுதான் மனிதரில் பரிசோதனை. ஆய்வுக்கூடத் தட்டில் ஒரு கலம் செத்துவிட்டால் மருந்து கிடைத்துவிட்டதாகாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒரு பிடி கொழுந்தை நன்றாகக் கசக்கி வையுங்கள். இன்னொரு பிடியை இட்லிச் சட்டியில் இரண்டு நிமிடம் ஆவி காட்டி, ஆறியபின் அதே மாதிரி கசக்கி வையுங்கள். முதலாவது செம்பு நிறமாகும், இரண்டாவது பச்சையாகவே இருக்கும். இலையில் உள்ள நொதியம் கட்டெச்சினை மாற்றுவதால் வருவது அந்தச் செம்பு நிறம். ஆவி அந்த நொதியத்தை அழித்துவிடுகிறது. டூவின் செடியில் சூடு மருந்தைக் கெடுத்தது, கொழுந்தில் சூடு கட்டெச்சினைக் காக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் குணம் அறிந்து வழி தேட வேண்டும் என்பதே இந்தப் படிப்பின் முதல் பாடம்.

கேள்வி: கச்சான் அடிக்கும் காலத்துத் தேயிலைக்கு மட்டும் தனி வாசம் வருகிறதே, அதுவும் இப்படி ஒரு பொருளா?

பதில்: ஆம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும்போது ஊவாக் கொழுந்தில் மெதைல் சாலிசிலேட் கூடுகிறது. மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் மணப்பதும் இதே பொருள்தான். செடிகள் வாட்டத்திலும் பூச்சிக்கடியிலும் சுரப்பது இது. தேயிலைச் செடியின் கஷ்டகாலமே ஊவாத் தேயிலைக்கு உலகில் பெயர் வாங்கித் தருகிறது.

கேள்வி: அப்படியென்றால் தேத்தண்ணி நிறையக் குடிப்பது நல்லதுதானே?

பதில்: அளவும் நேரமும் முக்கியம். சாயத் தண்ணியில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு வையுங்கள், தண்ணீர் கறுத்துப்போகும். (அதைக் குடிக்காதீர்கள்.) இரும்பைத் தேயிலைப் பொருட்கள் பிடித்துக்கொள்வதுதான் காரணம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புக்கும் இதுவே நடக்கிறது, உடலில் சேர்வது குறைகிறது. இரத்தச்சோகை உள்ள பெண்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துத் தேத்தண்ணி குடிக்கட்டும். இதை அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பச்சைத் தேயிலைச் சாறு அடைத்த குளிசைகளிலும் கவனம் வேண்டும். அவற்றிலுள்ள முக்கியக் கட்டெச்சின் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் ஈரலுக்குத் தீங்கின் அறிகுறிகள் தெரிகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் எச்சரித்தது.

கேள்வி: காய்ச்சலுக்குப் பாட்டி கொத்தமல்லியோடு வெனிவெல் போட்டு அவித்துத் தருவார். சீனாவிலும் இது உண்டா?

பதில்: வெனிவெல் என்பது மரமஞ்சள். சீனர்கள் ஹுவாங்லியன் என்ற வேறொரு செடியைப் பயன்படுத்துகிறார்கள். குடும்பமே வேறு, ஆனால் இரண்டின் மஞ்சளுக்கும் கசப்புக்கும் முக்கிய காரணம் பெர்பெரின் என்ற ஒரே பொருள். அது பச்சிளங் குழந்தைகளின் மஞ்சட்காமாலையை மோசமாக்கலாம் என்பதால் சிங்கப்பூர் அதை 1978இல் தடைசெய்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகே தடை நீங்கியது. கைக்குழந்தைக்கு வெனிவெல் கொடுக்கவே வேண்டாம்.

பெயர் மாறினாலும் ஆபத்து. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு மூலிகைகளில், அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்டது மாறி வந்ததே காரணம். நம்முடைய ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அந்தக் குடும்பத்துச் செடிகளே.

கேள்வி: நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: இரசாயனவியலை இறுகப் பிடியுங்கள், ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள். பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே பட்டப்படிப்பு உண்டு. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை பசறையில் இருக்கிறது. ஹல்துமுல்லையில் ஆயுர்வேதத் திணைக்களத்தின் மூலிகைத் தோட்டம் இருக்கிறது. ஆசிரியர் மூலம் அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள். இனம் தெரியாத செடியைப் பேராதனைத் தேசிய உலர்தாவரச் சாலையில் உறுதிப்படுத்தலாம்.

பாட்டிக்குத் தெரிந்த செடிகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெயர், இடம், எந்தப் பாகம், காய்ச்சுவதா ஊறவைப்பதா, எல்லாவற்றையும் எழுதுங்கள். யார் சொன்னார்களோ அவர்கள் பெயரையும் எழுதுங்கள், அது அவர்களுடைய அறிவு. ஆனால் வேருக்காக எதையும் தோண்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து மீரியபெத்த லயங்களை மூடிய மலை உங்களுடையது. அந்தச் சரிவில் மண்ணைப் பிடித்து நிற்கும் ஒரு வேரும் அசையக் கூடாது.

கே ஹொங் எழுதி வைத்த ஒரு குறிப்பு 1,600 ஆண்டுகளுக்குப் பிறகு உயிர் காத்தது. பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள், மகள்.