நெருளிலிருந்து மாட்டுங்காவுக்கு ஒரு நாள்

மும்பைத் தமிழரின் பழைய பேட்டையான மாட்டுங்காவைச் சுற்றிப் பார்க்க, நவி மும்பையின் நெருளில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகல் போதும். 1896இல் பம்பாயைப் பிளேக் உலுக்கிய பிறகு, நெரிசலைக் குறைக்க நகரின் வடக்கே திட்டமிட்டு எழுப்பிய குடியிருப்பு இது. ஐந்து தோட்டங்களும் மரநிழல் தெருக்களும் அந்தத் திட்டத்தின் மிச்சம்.

புதியவரைக் குழப்புவது ஸ்டேஷன் பெயர். மாட்டுங்கா சென்ட்ரல் லைனில். மாட்டுங்கா ரோடு வெஸ்டர்ன் லைனில். கிங்ஸ் சர்க்கிள் ஹார்பர் லைனில். நெருளில் சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வண்டி ஏறி, வடாலாவில் அந்தேரிப் பக்கம் போகும் வண்டிக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே கிங்ஸ் சர்க்கிள். குர்லாவில் ஸ்லோ வண்டிக்கு மாறினால், சயானை அடுத்து மாட்டுங்கா. 2017 முதல் பெண் ஊழியர்களே நடத்தும் ஸ்டேஷன் அது. ஞாயிறு வேண்டாம், தண்டவாளப் பராமரிப்புக்காக வண்டிகளை நிறுத்தும் மெகா பிளாக் பாதி நாளைத் தின்றுவிடும். திங்களும் வேண்டாம், கஃபே மெட்ராஸ் உணவகத்துக்கு விடுமுறை.

காலை ஏழு மணிக்கே போய்விடுவது நல்லது. ராம் ஆஷ்ரயா (1939), கஃபே மெட்ராஸ் (1940) ஆகிய இரு உணவகங்களிலும் பிறகு வரிசை நீளும். மதராஸ் என்று பெயர் இருந்தாலும் சமையல் கன்னடக் கரையோரத்துக் கைமணம்; சாம்பார் சற்று இனிக்கும். மதியச் சாப்பாட்டுக்கு ஸ்டேஷனை ஒட்டிய ராமநாயக் உடுப்பி (1942). இடையில் கடைத்தெரு: மல்லிகைச் சரம், வாழையிலை, அரைத்த வாசனை போகாத காபிப் பொடி. 1923இல் தொடங்கிய ஆஸ்திக சமாஜத்தின் கோயிலை நடை சாத்துமுன் பார்த்துவிட வேண்டும். கொச்சு குருவாயூர் என்றால் யாரும் வழி சொல்வார்கள்.

பிற்பகலில் தாராவி. தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழியினர் வாழும் இடம். 90 அடி சாலையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் கண்ணில் படும். அது மக்கள் குடியிருக்கும் இடம், காட்சிச்சாலை அல்ல. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

கச்சேரி இருந்தால் மாலை சண்முகானந்தா அரங்கில் கழியும். 1963இல் திறந்து, 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டெழுந்த அரங்கு அது. இல்லையென்றால் சீக்கிரமே திரும்பி, நெருளிலேயே ஓர் இடம் பார்க்கலாம். 1932இல் மாட்டுங்காவில் பிறந்த தென்னிந்தியக் கல்விச் சங்கத்துக்கு நெருளிலும் வளாகம் உண்டு. 33 அடி உயர ஆஞ்சநேயர் அங்கேதான் நிற்கிறார்.