டர்போ இழுக்காவிட்டால்: எதை முதலில் பார்ப்பது, எதற்குக் காசு கொடுப்பது

கற்பிட்டியிலிருந்து பேலியகொடை மீன் சந்தைக்குச் சுமார் 160 கிலோமீற்றர். பாலாவி, முந்தல், சிலாபம் என்று இரவோடு இரவாக ஓடும் மீன் லொறிக்கும், தலவில திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றும் வேனுக்கும், வெங்காய மூட்டை ஏற்றும் டபள் கெப்புக்கும் பொதுவான முறைப்பாடு ஒன்று உண்டு: "பிக்கப் இல்லை." கராஜுக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "டர்போ போயிற்று, மாற்ற வேண்டும்."

சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் டர்போவுக்கு வெளியே இருக்கும் ஒரு வெடித்த ஹோஸும், துருப்பிடித்த கம்பியும், பழுதான சென்சரும் அதே குறையைத்தான் காட்டும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியாருக்குத் திறந்தது. அதனால் நம் கரையில் ஓடும் வேன்களிலும் கெப்களிலும் பல பதினைந்து, இருபது வயதைத் தொட்டவை. அவற்றுக்கு டர்போ மாற்றுவது பெரிய செலவு. காரணத்தை அளந்து பார்த்த பிறகே அந்தச் செலவில் இறங்க வேண்டும். எந்த ஒழுங்கில் பார்ப்பது, எந்தத் தெரிவு யாருக்குப் பொருந்தும் என்பதை இங்கே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

டர்போ தரும் காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்டை, கட்டுப்படுத்த மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

முதலாவது வேஸ்ட்கேட். பூஸ்ட் ஏறியதும் அந்த அழுத்தமே ஒரு சிறிய தகர டப்பாவைத் தள்ளும். டப்பாவின் கம்பி ஒரு கதவைத் திறந்து, மிச்சப் புகையை டர்போவைச் சுற்றி வெளியே விடும். சுசுக்கி எவ்ரி போன்ற 660 சிசி பெற்றோல் டர்போக்களிலும் பல லொறிகளிலும் இருப்பது இதுதான்.

இரண்டாவது, வேக்குவத்தால் அசையும் தகடு வகை டர்போ. டர்பைனைச் சுற்றியுள்ள சிறு தகடுகள் திரும்பிப் பூஸ்டைக் கூட்டும், குறைக்கும். நிசான் நவாரா டி40 இதற்கு உதாரணம்.

மூன்றாவது, அதே தகடுகளை மின்மோட்டார் திருப்பும் வகை. டொயோட்டாவின் 3.0 லீற்றர் 1கேடி இஞ்சினில் இருப்பது இது. அந்த இஞ்சின் பூட்டிய கேடிஎச் வேன்களும் ஹைலக்ஸ்களும் நம்மிடம் நிறைய ஓடுகின்றன.

வகையைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், ஒரே ஓட்டை இரண்டு வகைகளில் நேர் எதிரான விளைவைத் தரும். வேஸ்ட்கேட் டப்பாவுக்குப் போகும் ஹோஸ் வெடித்தால் கதவு திறக்காது. பூஸ்ட் எல்லை மீறி ஏறும். வேக்குவம் ஹோஸ் வெடித்தால் தகடுகள் திரும்பாது. பூஸ்ட் ஏறவே ஏறாது. கதவு திறந்தபடி இறுகினால் பூஸ்ட் குறையும். தகடுகள் மூடியபடி இறுகினால் பூஸ்ட் கூடும். இதைக் கவனிக்காமல் "பூஸ்ட் கூடுகிறது, டர்போ பழுது" என்று சொல்வது ஊகம் மட்டுமே.

உப்பும் மணலும் செய்யும் வேலை

கொழும்பில் ஓடும் வண்டிக்கு இல்லாத இரண்டு எதிரிகள் இங்கே உண்டு. தென்மேல் பருவக் காற்றில் கற்பிட்டித் தீபகற்பத்து மணல் எழும்பி எயார் ஃபில்டரை அடைக்கும். கடலும் களப்பும் உப்பளமும் சூழ்ந்த காற்று இரும்பையும் செம்பையும் அரிக்கும். ஆகவே ஸ்பானர் எடுக்குமுன் கண்ணால் பார்க்க வேண்டியவை இவை.

எயார் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் மணல் நேரே கம்ப்ரெசர் சக்கரத்தில் மோதும், விளிம்பு தேயும்.

டப்பாவுக்குப் போகும் காற்றையோ வேக்குவத்தையோ மாற்றும் சொலனொய்ட் வேல்வின் பிளக்கையும் பூஸ்ட் சென்சரின் பிளக்கையும் கழற்றுங்கள். உள்ளே பச்சைக் களிம்பு தெரிந்தால் கொன்டக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஒவ்வொரு சிறு ஹோஸையும் அதன் முனையிலிருந்து இழுத்துப் பாருங்கள். நடுப்பகுதி புதிது போலவே இருக்கும். கிளிப்புக்குக் கீழே, குழாயில் ஏறும் கடைசி ஒரு சென்ரிமீற்றரில்தான் மயிரிழை போல வெடிப்பு இருக்கும். விரலால் வளைத்தால் மட்டுமே வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி ஏற்ற நீளம் போதுமானால், செலவே இல்லாமல் வேலை முடிந்தது.

இன்டர்கூலர் குழாய்களின் மூட்டுகளையும் தடவிப் பாருங்கள். உள்ளே மெல்லிய ஒயில் படலம் இருப்பது வழமை; அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வெளியே ஒயிலும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. பாரம் ஏற்றும்போது "புஸ்" என்ற சத்தமும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஸ்கேனர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

பி0299 என்றால் பூஸ்ட் குறைவு. பி0234 என்றால் பூஸ்ட் மிகை. பி0243 என்றால் வேஸ்ட்கேட் சொலனொய்டின் மின்சுற்றில் கோளாறு. கோட் காட்டுவது குறையை, காரணத்தை அல்ல. பி0299 வந்ததற்காக டர்போ மாற்றச் சொல்பவரிடம், "வேறு எதை அளந்தீர்கள், பாஸ்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இந்தக் கோட்களைவிடப் பயனுள்ளது நேரடி அளவு. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு, பூஸ்ட் சென்சரின் அளவைப் பாருங்கள். புத்தளம் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஆகவே அது 100 கிலோபாஸ்கலுக்கு ஒட்டி நிற்க வேண்டும். நுவரெலியாவில் அதே சென்சர் 80ஐ ஒட்டித்தான் காட்டும்; அது மலைக்குச் சரி. இங்கே நின்றுகொண்டு 80 அல்லது 120 காட்டினால் பழுது சென்சரிலோ அதன் வயரிலோ இருக்கிறது. டர்போவைக் குறை சொல்லவே முடியாது.

அடுத்து ஒருவர் ஓட்ட, மற்றவர் ஸ்கேனரைப் பார்க்க, கம்பியூட்டர் கேட்கும் பூஸ்டும் கிடைக்கும் பூஸ்டும் எப்படிப் போகின்றன என்று ஒப்பிடுங்கள். சென்சர் முழு அழுத்தத்தையே காட்டும். 1 பார் பூஸ்ட் என்றால் அங்கே சுமார் 200 கிலோபாஸ்கல் தெரியும். கேட்டது 200, கிடைத்தது 130 என்றால் கசிவு, திறந்தே நிற்கும் வேஸ்ட்கேட், அசையாத தகடு, இவற்றில் ஒன்று. கிடைத்தது கேட்டதைத் தாண்டிப் போய், முந்திச் செல்லும்போது வண்டி திடீரென்று பலமிழந்து, சாவியை அணைத்துப் போட்டதும் பழையபடி ஓடினால், தகடு வகை டர்போவில் கரி பிடித்து இறுகிய தகடுகளின் அடையாளம் அது. நகருக்குள் மெதுவாக மட்டுமே ஓடும் பாடசாலை வேன்களில் கரி சீக்கிரம் சேரும்.

கைப்பம்ப் சோதனை

வேக்குவம் வகைக்கு ஒரு கைப்பம்ப் இருந்தால் போதும். எக்சுவேட்டரின், அதாவது தகடுகளை அசைக்கும் டப்பாவின், ஹோஸைக் கழற்றி, பம்பைப் பூட்டி, மெதுவாக இழுங்கள். கம்பி தடங்கலின்றி ஒரே சீராக மேலேற வேண்டும். இழுப்பதை நிறுத்தினால் முள் விழாமல் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். விட்டதும் கம்பி முழுவதாகத் திரும்ப வேண்டும். முள் விழுந்தால் டப்பாவின் உள்ளே உள்ள இறப்பர் கிழிந்திருக்கிறது. முள் நிற்கிறது, ஆனால் கம்பி பாதியில் தங்குகிறது என்றால் தகடுகள் இறுகியிருக்கின்றன. இரண்டும் நன்றாக இருந்தால் டர்போவைத் தொடாதீர்கள். பழுது சொலனொய்டிலோ, ஹோஸிலோ, வேக்குவம் பம்பிலோ இருக்கிறது. இஞ்சின் ஓடும்போது பம்பின் பக்கம் சுமார் 25 அங்குல மெர்க்குரி வேக்குவம் வர வேண்டும். டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான். பூஸ்ட் குறைவோடு பிரேக் பெடலும் கல்லாக இருந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

வேஸ்ட்கேட் வகைக்கு இதே சோதனையை வேக்குவத்துக்குப் பதிலாக மெல்லிய காற்றழுத்தத்தால் செய்யலாம். குழாய்க் கசிவைத் தேடச் சவர்க்கார நீர் தடவிக் காற்றடிக்கும்போது 1 பாரைத் தாண்ட வேண்டாம்.

தெரிவுகள், ஒன்றோடொன்று வைத்து

*ஹோஸ் மாற்றுதல்.* எல்லாவற்றிலும் மலிவு. ஒன்று வெடித்தால் மற்றவையும் அதே வயதுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். சூடும் ஒயிலும் தாங்கும் வேக்குவம் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். மீன் தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் குழாய் இஞ்சின் சூட்டில் உருகிச் சப்பும்.

*சொலனொய்ட்.* அதே எண் உள்ள பாகம் வேண்டும். பாவித்தது வாங்கினாலும் குற்றமில்லை. கடையிலேயே பற்றரியில் தொட்டு "டிக்" சத்தமும் காற்று மாறுவதும் பார்த்து வாங்கலாம்.

*எக்சுவேட்டர் மட்டும்.* டப்பாவோ மோட்டாரோ மட்டும் பழுதென்று உறுதியானால் இது நல்ல தெரிவு. ஆனால் கம்பியின் நீளத்தை அளவு பார்த்து அமைக்கத் தெரிந்தவரிடமே கொடுங்கள். டர்போவில் உள்ள சிறிய எல்லைத் திருகாணியை யாரும் திருப்ப விடாதீர்கள். அது தொழிற்சாலையில் காற்றோட்டம் அளந்து வைத்த அளவு.

*கழற்றிக் கழுவுதல்.* கரி மட்டுமே குற்றவாளி என்றால் இதற்கு நிகர் வேறில்லை. டர்பைன் வீட்டைப் பிரிக்குமுன் இரு பாகங்களிலும் அடையாளக் கோடு போட வேண்டும். சக்கரத்தின் நட்டைத் தொடக்கூடாது. நிமிடத்துக்கு 1 இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருளில் பலன்ஸ் குலைந்தால் சில நாளில் பெயரிங் போய்விடும். கழற்றாமல் ஸ்பிரே அடிப்பது தற்காலிகம்தான்.

*கோர் மாற்றுதல்.* கோர் என்பது தண்டும் சக்கரங்களும் பெயரிங்கும் சேர்ந்த நடுப்பகுதி. தண்டு ஆடினாலோ, ஒயில் தள்ளி நீலப்புகை வந்தாலோ இது சரி. பூஸ்ட் கட்டுப்பாட்டுப் பழுதுக்கு இது மருந்தல்ல. பழைய தகடுகளும் பழைய எக்சுவேட்டரும் அப்படியே இருக்கும்.

*பாவித்த டர்போ.* பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் மிகச் சிறிய அசைவு இருக்கலாம். முன்பின் அசைவு விரலுக்குத் தெரியவே கூடாது. கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். மின்மோட்டார் வகையில் இஞ்சின் எண், டர்போ எண் இரண்டும் பொருந்தாமல் காசு கொடுக்காதீர்கள்.

*புதியது.* டர்பைன் வீடு வெடித்திருந்தால், சக்கரம் உரசியிருந்தால், வேறு வழியில்லை. ஆனால் பழையது ஏன் போனது என்று தெரியாமல் புதியதைப் பூட்டினால் அதுவும் போகும். 1கேடி இஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செம்பு வளையம் கசிந்து, கரி ஒயிலில் கலந்து, சம்புக்குள் இருக்கும் ஒயில் வடியை அடைப்பது தெரிந்த குறை. ஒயில் வராத டர்போ எவ்வளவு புதியதானாலும் நிலைக்காது. ஆகவே சம்பைக் கழற்றி வடியைப் பாருங்கள். ஒயில் குழாய்களைச் சுத்தம் செய்யுங்கள். ஒயிலும் ஃபில்டரும் மாற்றி, டர்போவின் ஒயில் துளையில் ஒயில் ஊற்றிய பிறகே ஸ்டார்ட் பண்ணுங்கள்.

கையால் பூஸ்ட் கூட்டும் கருவி வேண்டுமா?

பெற்றோல் டர்போ வைத்திருக்கும் இளைஞர்கள் சிலர் சொலனொய்டைக் கழற்றிவிட்டு மெனுவல் கன்ட்ரோலர் பூட்டுகிறார்கள். மலிவானது, எளிமையானது. ஆனால் வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் அளவுக்குக் கீழே அதனால் பூஸ்டைக் குறைக்க முடியாது. சூடு, எரிபொருள், கியர் எதையும் அது பாராது. எலக்ட்ரோனிக் கன்ட்ரோலர் அதைவிடக் கவனமானது. எனினும் எரிபொருள் அளவைச் சேர்த்துத் திருத்தாமல் பூட்டினால் பிஸ்டனுக்கே ஆபத்து. பெரிய சைலன்சர் பூட்டிய பிறகு ஆர்பிஎம் ஏற ஏறப் பூஸ்டும் தானாக ஏறிக்கொண்டே போனால், எந்தக் கன்ட்ரோலரும் அதை அடக்காது. வேஸ்ட்கேட் துவாரம் போதவில்லை என்பதே பொருள். பிழைப்புக்கு ஓடும் வண்டிக்கு என் பதில் ஒன்றுதான்: கம்பனி பூட்டிய சொலனொய்ட் போதும். வேஸ்ட்கேட் கம்பியை வயர் சுற்றிக் கட்டி ஓட்டுவது இஞ்சினைக் கொல்லும் வேலை.

எதைத் தெரிவுசெய்வது?

கோட் இருக்கிறது, புகை இல்லை, தண்டு ஆடவில்லை என்றால் ஹோஸ், பிளக், சென்சர், சொலனொய்ட் என்ற ஒழுங்கில் போங்கள். கம்பி பாதியில் தங்கினால் கழற்றிக் கழுவுங்கள். தண்டு ஆடினாலோ நீலப்புகை வந்தாலோ மட்டும் கோர், பாவித்தது, புதியது என்று யோசியுங்கள். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் புகைப் பரிசோதனை வருகிறது. கரும்புகையை அதற்கு முதல் மாதமே கவனித்தால் அவசரத்தில் தவறான பாகம் வாங்க நேராது. கடற்கரையில் ஓடி வந்த வண்டியை, இஞ்சின் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரில் அடியோடு கழுவுங்கள்.

நம் கரையில் ஒரு வண்டியை நம்பி ஒரு குடும்பம் முழுவதும் இருக்கிறது. ஆகவே கராஜில் "டர்போ மாற்ற வேண்டும்" என்ற சொல் வந்தால், மூன்று அளவுகளைக் கேளுங்கள்: சாவி போட்டபோது சென்சர் எவ்வளவு, கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் எவ்வளவு, டப்பா உள்ள வகையானால் கைப்பம்பில் கம்பி எப்படி அசைந்தது. மூன்றையும் காட்டுகிற பாஸிடம் வண்டியை நம்பிக் கொடுங்கள். காட்ட முடியாத இடத்தில் டர்போ வாங்காதீர்கள்.