மனை காத்தல்

நாட்டின் பழமையை உணர்த்துவன கோயில்களும் கோட்டைகளும் மட்டுமல்ல. உழவரும் நெசவாளரும் குயவரும் வாழ்ந்த எளிய மனைகளும் அதனை உணர்த்துவனவே. கல்லாலாகிய கோயில் ஆயிரம் ஆண்டு நிற்கும். மரத்தாலாகிய மனையோ அத்தகையதன்று. கறையான் அதனை அரிக்கும். மழைநீர் இற்றுப்போகச் செய்யும். தீ ஒரே நாளில் சாம்பலாக்கும். இவற்றினும் பெரிய கேடு ஒன்றுண்டு. புதுவீடு விரும்புவோர் பழைய மனையைப் பிரித்து, தூணையும் கதவையும் தனித்தனியே விற்றுவிடுகின்றனர். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைபோவதை இன்றும் காணலாம். மனை அழியின், அதனைக் கட்டிய தச்சரின் அறிவும், அதில் வாழ்ந்தோரின் வாழ்க்கைமுறையும் உடன் அழிகின்றன.

இவ்வழிவைத் தடுக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, மனையைப் பெயர்த்துக் காத்தல். மற்றொன்று, இருந்த இடத்திலேயே காத்தல்.

முதல் வழிக்குச் சான்று தட்சிணசித்ரா. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள இம்மனைத் தொகுதியை, 1984-ஆம் ஆண்டு தோன்றிய மெட்ராஸ் கிராப்ட் பவுண்டேசன் என்னும் அமைப்பு உருவாக்கியது. இது 1996-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் வீடுகளை இங்கே காணலாம். கேரளத்துப் புதுப்பள்ளியில் 1850-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட மரவீடு ஒன்றும் அவற்றுள் அடங்கும்.

மரவீட்டை எவ்வாறு பெயர்க்க இயலும்? பழைய தச்சர் ஒரு மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றொரு மரத்தில் வெட்டிய துளையில் செருகி, மர ஆணியால் இறுக்கினர். ஆதலின், பூட்டியதைப் பழுதின்றிக் கழற்றலாம். முதலில் வீட்டை அளந்து படம் வரைவர். உத்திரம், தூண், கைமரம் ஒவ்வொன்றுக்கும் எண் இடுவர். பின்னர்ப் பிரித்துக் கொணர்ந்து, எண் வரிசைப்படி மீண்டும் பூட்டுவர்.

ஆயினும், இவ்வாறு வந்தது வீடு மட்டுமே. அதன் வயலும் அண்டைவீடும் உடன் வரவில்லை. அவற்றையும் சேர்த்துக் காப்பதே இரண்டாம் வழி. அதற்குச் சான்று சப்பான் நாட்டு மலைச்சிற்றூராகிய ஒகிமாச்சி.

பாலக்கோடு வட்டாரத்து மாணவர்க்குப் பட்டுப்புழு வளர்ப்புப் புதியதன்று. ஒகிமாச்சி மக்களும் முற்காலத்தில் பட்டுப்புழு வளர்த்தனர். அதற்குத் தனிக் கொட்டகை இன்றி, தம் வீட்டுக் கூரையின் கீழுள்ள பரண்களையே பயன்படுத்தினர். பனி வழிந்து விழுமாறு அக்கூரைகள், கூப்பிய கைகள்போல் மிகச் சரிவாக வேயப்பட்டவை. அவற்றின் மரங்களை இரும்பாணியின்றிக் கயிற்றால் பிணைத்தனர்.

காலப்போக்கில் அப்பகுதியில் அணைகள் எழுந்தன, பலர் நகரங்களை நாடினர், வீடுகள் குறைந்தன. அந்நிலையில் 1971-ஆம் ஆண்டு ஊரார் கூடி, “விற்கோம், வாடகைக்கு விடோம், இடிக்கோம்” என மூன்று உறுதிகளை மேற்கொண்டனர். 1976-ஆம் ஆண்டு அரசு அவ்வூரைப் பாதுகாக்கப்படும் பகுதியாக ஏற்றது. 1995-ஆம் ஆண்டு அஃது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. அங்கே 30, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரை மாற்றவேண்டும். அப்போது நூற்றுக்கு மேற்பட்டோர் கூடி உழைப்பர். இன்று ஒருவர் வீட்டுக்கு உதவியவர்க்கு, நாளை அவர் உதவுவர். இவ்வொத்துழைப்பே அவ்வூரைக் காக்கும் உண்மையான தூண்.

அரசும் அறிஞரும் துணைசெய்யலாம். ஆனால், ஊரார் விரும்பினாலன்றி ஊர் நிலைபெறாது. மாணவர்களே! உங்கள் ஊரிலும் பழைய மனை ஒன்று இருக்கலாம். அதனைக் காக்கும் பொருள்வலிமை உங்களிடம் இல்லாதிருக்கலாம். எனினும், உரியவரின் இசைவுடன் அதனை அளந்து படம் வரையலாம். அதன் உறுப்புகளுக்கு முதியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிவைக்கலாம். மதிப்பை அறிந்தவர் எதனையும் எளிதில் இடிக்கத் துணியார். அவ்வறிவே மனை காத்தலின் முதற்படியாகும்.