பழைய கார், சின்ன அடி: கிளெய்ம் கேட்கலாமா?

பத்து வயதைத் தாண்டிய காரில் ஒரு மூலை நசுங்கினால் வீட்டில் எழும் முதல் பேச்சு இதுதான்: "வருஷா வருஷம் பிரீமியம் கட்டுறோமே, கேட்காம விட்டா நமக்குத்தானே நஷ்டம்?" மதிப்புக் குறைந்த காருக்கு இந்த நினைப்புத்தான் பெரும்பாலும் நஷ்டத்தில் கொண்டுபோய் விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 11 வயதான சிறிய கார். பாலிசியில் அதன் மதிப்பு, அதாவது ஐ.டி.வி., 1,20,000 ரூபாய். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 4,000 என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் கேட்காததால் 50 சதவீத என்.சி.பி., அதாவது கிளெய்ம் கேட்காததற்கான போனஸ், கிடைத்து, உரிமையாளர் 2,000 கட்டுகிறார். முன்பக்கம் இடிபட்டு, சர்வீஸ் சென்டர் போட்ட பில் 13,000: பம்பர் 3,000, ஃபெண்டர் 2,400, பெயின்ட் 6,000, கூலி 1,600.

"பில் தொகை முழுசா வந்துடும்" என்பது அடுத்த நம்பிக்கை. வராது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு எந்த வயதிலும் பாதி தேய்மானமாகக் கழியும். இரும்புப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். 10 வருடம் தாண்டிவிட்டால் அதிலும் பாதி. பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருளின் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. இதற்கு மேல், 1500 சிசி வரையுள்ள காரென்றால் ஒவ்வொரு கிளெய்முக்கும் 1,000 ரூபாய் கட்டாயமாக உங்கள் கையிலிருந்து. எல்லாம் சேர்த்தால் இந்தப் பில்லில் 4,450 கழிந்து 8,550 வரும். தேய்மானம் கழிக்காத ஆட்-ஆனை இந்த வயதுக் காருக்குப் பல நிறுவனங்கள் தருவதில்லை.

அதுவும் லாபம்தானே என்று தோன்றலாம். "போனஸ் ஒரு வருஷம்தானே போகும்" என்று ஏஜென்டும் சொல்வார். என்.சி.பி. ஏறும் படிகள் 20, 25, 35, 45, 50 சதவீதம். ஒரு கிளெய்ம் வாங்கினால் அடுத்த ரெனியூவலில் பூஜ்யம். பிறகு மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். பழைய 50-ஐ எட்டும்வரை நம் உதாரணக் காருக்கு இழப்பு முறையே 2,000, 1,200, 1,000, 600, 200. மொத்தம் 5,000. அதாவது 50 சதவீதத்தில் இருப்பவர் இழப்பது, போனஸ் கழிக்காத ஒரு வருடப் பிரீமியத்தைப்போல ஒன்றேகால் மடங்கு. என்.சி.பி.யைக் காக்கும் ஆட்-ஆன் வாங்கியிருந்தால் இந்தக் கணக்கு மாறும். பழைய காருக்கு அதை வாங்கி வைத்திருப்பவர்கள் குறைவு.

இப்போது ஒப்பிட வேண்டியது 13,000-ஐ அல்ல. கிளெய்ம் வழியில் உங்கள் கையிலிருந்து போவது 4,450-உம் 5,000-உம் சேர்ந்து 9,450. அதே அடியை, பாகம் மாற்றாமல் நசுங்கலைத் தட்டி எடுத்துப் பெயின்ட் அடித்துக் கொடுக்க, உங்கள் பேட்டை டிங்கர் பட்டறையில் 6,000 கேட்டால் அங்கேயே முடித்துவிடுவதுதான் என் யோசனை. ஆனால் லைட், ரேடியேட்டர், ஸ்டீயரிங், பிரேக் என்று ஓட்டும் பாதுகாப்பைத் தொடும் இடத்தில் அடி என்றால் செலவைக் குறைக்கப் பார்க்கக் கூடாது.

"அவர்தான் வந்து இடிச்சார், என் போனஸ் ஏன் போகணும்?" கோபம் நியாயமானது, என்றாலும் போனஸ் போகும். என்.சி.பி. தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை, உங்கள் பாலிசியில் பணம் வாங்கினீர்களா என்று மட்டும்தான் பார்க்கும். அதனால் யாருக்கும் காயமில்லாத சின்ன மோதலில் செலவை இடித்தவரே ஏற்கக் கேட்பது உங்களுக்கு நல்லது.

காயம் பட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. முதலில் சிகிச்சை. பிறகு காவல் நிலையம், இன்சூரன்ஸ் நிறுவனம் இரண்டுக்கும் தகவல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு ஓட்டுநர் மீது சுமத்தும் கடமை இது. அங்கே போனஸ் கணக்குப் பார்ப்பவரை என்னால் மன்னிக்க முடியாது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: போனஸ் காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. பழைய காரை விற்றுவிட்டு அடுத்ததை வாங்கும்போது நிறுவனத்திடம் சான்று வாங்கி அதற்கு மாற்றிக்கொள்ளலாம். புதுக் காரின் சொந்தச் சேதப் பிரீமியம் 20,000 என்றால் 50 சதவீதம் 10,000. ஓரிரு வருடத்தில் கார் மாற்ற நினைப்பவர் பழைய காரின் பம்பருக்காக இதை இழக்க வேண்டுமா? பாலிசி காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போய்விடும்.

கீறல்களைச் சேர்த்து வைத்து ஒரே விபத்தாகக் காட்டும் வழக்கமும் உண்டு. துருவேறிய பழைய நசுங்கலைச் சர்வேயர் எளிதில் கண்டுபிடிப்பார். பொய் சொன்னது தெரிந்தால் உண்மையான சேதத்துக்கான கிளெய்மும் நிராகரிக்கப்படலாம்.

எதற்கும் கிளெய்ம் கேட்டுவிட வேண்டும் என்ற நினைப்புக்கு நேரெதிர் நம்பிக்கைதான் அதிகம் சேதம் செய்கிறது: "பழைய வண்டிக்கு என்ன பெருசா தந்துடப் போறாங்க." 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களை நினைத்துப் பாருங்கள். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பு. நம் உதாரணக் காருக்கு அந்தக் கோடு 90,000. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்த காருக்கு எஸ்டிமேட் அங்கே எட்டுவது பெரிய விஷயமில்லை. அப்போது மேலே சொன்ன பாகத் தேய்மானமெல்லாம் கழியாது, ஐ.டி.வி.யில் அந்த 1,000-ஐக் கழித்துத் தருவார்கள். 5,000 ரூபாய் போனஸைக் காப்பாற்ற இதைக் கேட்காமல் விடக் கூடாது. தண்ணீரில் நின்ற காரை மட்டும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். அதனால் எஞ்சின் உடைந்தால், எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாதவருக்குக் கிளெய்ம் மறுக்கப்படுவது வழக்கம். நிற்கும் இடத்திலேயே படம் எடுத்து, நிறுவனத்துக்குச் சொல்லி, கட்டி இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

முழு இழப்பில் உடைந்த வண்டியைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனால் ஆர்.சி.யைச் சும்மா கொடுத்துவிட வேண்டாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்யும்வரை, அல்லது பெயர் மாற்றும்வரை, அந்த வண்டி யார் கையில் ஓடினாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.