கடாரத்துக்குப் போயிருக்கீங்களா?

சாவதற்குள் செய்து பார்க்க வேண்டியவை என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்போம். எங்கள் வட்டாரக் கூட்டத்தில் ஒருநாள் எல்லாரையும் வாசிக்கச் சொன்னார்கள். கினாபாலு ஏறணும், விமானத்திலிருந்து குதிக்கணும், ஐஸ்லாந்து போகணும். என் பட்டியலும் அதேதான். கெடாவிலிருந்து வந்த அண்ணன் ஒருத்தர் மட்டும், "பூஜாங் பள்ளத்தாக்கு பார்த்தவங்க கை தூக்குங்க" என்றார். இருபது பேரில் இரண்டே கை. அதில் என் கை இல்லை.

அடுத்த மாதமே நாலு பேர் காடி எடுத்துக் கிளம்பினோம். சுங்கை பட்டாணியில் பசியாறிவிட்டுப் புறப்பட்டால் மெர்போக் கொஞ்ச தூரம்தான். அங்கே அருங்காட்சியகத்தைத் தாண்டி மேலே ஏறினால் சண்டி புக்கிட் பத்து பஹாட். 'பத்து பஹாட்' என்றால் செதுக்கிய கல். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்பவர் அகழ்ந்து பார்த்த இடம். பிறகு 1960 வாக்கில் கற்களை அடுக்கி மீட்டெடுத்தார்கள். சிவாலயமாக இருந்திருக்கும் என்பது பலருடைய கருத்து.

முதல் பார்வையில் ஏமாற்றம்தான். கோபுரமும் இல்லை, சிலையும் இல்லை. வெறும் கல் மேடை. ஆனால் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்க. பின்னால் கருவறை, முன்னால் மண்டபம். நம்ப கோயில் அமைப்பேதான். மண்டபத்தில் வரிசையாகத் தூண் பீடங்கள், நடுவில் குழி. படிப்பது பொறியியல் என்பதால் எனக்கு அந்தக் குழிதான் பிடித்தது. அதில் நின்றது மரத்தூண். கீழே கல், மேலே மரமும் கூரையும். மழை நாட்டில் மரம் மட்கிப் போச்சு, கல் மட்டும் மிச்சம்.

ஏன் இந்த இடம்? நிமிர்ந்து பார்த்தால் ஜெராய் மலை, 1,217 மீட்டர். வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிக்கு அதுதான் அடையாளம். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்து, வடகிழக்குக் காற்று வரும்வரை தங்குவார்கள். மாதக்கணக்கில் தங்கினால் கும்பிட ஓர் இடம் வேண்டாமா? 1025ல் ராஜேந்திர சோழன் படை எடுத்ததை மட்டும் நாம் மேடையில் முழங்குகிறோம். எனக்கென்னவோ, சரக்கோடு வந்து இங்குள்ள மக்களோடு பழகியவர்கள் கதைதான் பெரிதாகத் தோன்றுகிறது.

இன்னொன்று சொல்லணும். சுங்கை பத்துவில் 11ஆம் எண் சண்டி என்று ஒன்று இருந்தது. 2013ல் நில மேம்பாட்டு வேலையில் அது இடிக்கப்பட்டது தெரிய வந்தது. தனியார் நிலம், பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் அறிவிக்கவில்லை என்றார்கள். ஆயிரம் வருஷத்து மழைக்குத் தாங்கியது, இயந்திரத்துக்குத் தாங்கவில்லை. அப்போது நான் பள்ளி மாணவன். ஒரு விடுமுறையில் அப்பாவைக் கேட்டிருந்தால் பார்த்திருக்கலாம். இனி எத்தனை வயது வாழ்ந்தாலும் முடியாது.

கினாபாலு எங்கேயும் போகாது. அதை என் பட்டியலில் இரண்டாவதாக மாற்றிவிட்டேன். முதல் வரியில் இப்போது சுங்கை பத்து: பழங்காலத்தில் இரும்பு உருக்கிய தடயங்கள் கிடைத்த இடம். அடுத்த விடுமுறையில் போறோம், காடியில் ஓர் இடம் காலி. மழை பெய்தால் கல் வழுக்கும், நல்ல சப்பாத்து போட்டுக்கிட்டு வாங்க.